இருவாச்சியின் கவசத்துக்குப் பஞ்சு வைத்த கதை

காட்டில் எல்லா உயிரும் ஒரே பேச்சுப் பேசி, ஒன்றையொன்று புரியும்படி திட்டிக்கொள்ளவும் முடிந்த அந்தக் காலத்தில், ஆனைமலை இருவாச்சிகளுக்குத் தலையில் கொம்புப் புடைப்பு கிடையாது. மற்றப் பறவைகளைப் போல மொழுமொழுவென்ற தலைதான். அதன்மேல் ஒரு தலைக்கவசத்தைத் தனியாக மாட்டிக்கொள்வார்கள். இரவில் கழற்றிக் கிளையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் எடுத்து மாட்டி, தாடைக்குக் கீழே கொடியை இழுத்துக் கட்டுவார்கள்.

அது அலங்காரத்துக்கு அல்ல. இருவாச்சிக்குக் குடியிருக்கப் பெரிய பொந்து வேண்டும். பெரிய பொந்து வயதான மரத்தில்தான் இருக்கும். அப்படிப்பட்ட மரங்கள் அப்போதும் குறைவுதான். ஒரே பொந்துக்கு இரண்டு குடும்பம் ஆசைப்பட்டால், இரண்டு ஆண்களும் வானத்தில் எதிரெதிராகப் பறந்து வந்து தலையோடு தலை முட்ட வேண்டும். எவன் முதலில் விலகுகிறானோ அவன் குடும்பம் வெளியேற வேண்டும். காட்டின் சட்டம் அது. சட்டம் நியாயமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கவசத்தின் ஓடு கெட்டியானது. ஆனாலும் முட்டும்போது மண்டையைக் காப்பாற்றியது ஓடு அல்ல, உள்ளே இருந்த பஞ்சு மெத்தைதான். கோடையில் இலவங்காய் வெடிக்கும்போது பழைய பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டை ஓடையில் கழுவிக் காயவைத்து, புதுப் பஞ்சு அடைப்பது வழக்கம். முத்துக்கண்ணி என்ற பெண் இருவாச்சி அதை ஒரு கோடையும் தவறவிட்டதில்லை. அவள் கணவன் செங்கண்ணன் வேறு ரகம். வால் அடியில் ஊறும் மஞ்சள் எண்ணெயை எடுத்துக் கவசத்தின் வெளிப்புறத்தில் தினமும் தேய்ப்பான். தேய்த்துவிட்டு ஓடைத் தண்ணீரில் பார்ப்பான். வெயிலில் அது பொன் மாதிரி மின்னியது. உள்ளே அலகை விட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை.

இருவரும் ஒரு வெடிப்பலா மரத்தின் பொந்தில் குடியிருந்தார்கள். தை மாதம் ஒரு காலையில், முத்துக்கண்ணிக்கு வயிறு கனத்து, இன்றோ நாளையோ முட்டை என்றிருந்தபோது, எதிர்க் கிளையில் தடித்த அலகுள்ள ஓர் ஆண் வந்து உட்கார்ந்தான். கட்டையலகன் என்று பேர். அடுத்த மலையில் இரண்டு பொந்துகளை முட்டிப் பிடித்தவன்.

"நல்ல பொந்து," என்றான். "காத்தோட்டமா இருக்குது. எம்பொஞ்சாதிக்குப் புடிச்சுப் போச்சு."

"புடிச்சா பார்த்துட்டுப் போகச் சொல்லு," என்றான் செங்கண்ணன்.

"உச்சி வெயில் சாயட்டும். மேல வா. வரலீன்னா இப்பவே மூட்டையைக் கட்டு."

"மூட்டை கட்டறது யாருன்னு பார்க்கலாம்."

கட்டையலகன் சிரித்தான். "கவசத்துக்கு எண்ணெய் ஜாஸ்தி. வழுக்கீரப் போவுது," என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனான்.

செங்கண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொந்து வாசலுக்கு வந்தான். அப்போதுதான் முத்துக்கண்ணிக்கு அந்த நாற்றம் எட்டியது. மழைக்காலம் முழுக்க நனைந்து, காயாமலே கிடந்த எதற்கோ உரிய நாற்றம்.

"ஏனுங்க, கவசத்தைக் கழட்டுங்க."

"எதுக்கு புள்ள? இப்பத்தான் எண்ணெய் போட்டேன்."

"கழட்டுங்கன்னா."

கழற்றிக் கொடுத்தான். அவள் உள்ளே அலகை விட்டாள். பஞ்சு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. வேர்வையும் உப்பும் ஏறி, காய்ந்த யானை லத்தி மாதிரி இறுகிக் கிடந்தது. நெற்றி படும் இடத்தில் ஓடே தெரிந்தது. பக்கவாட்டில் எறும்பு புற்று வைத்திருந்தது.

"பஞ்சு எப்ப மாத்துனீங்க?"

"போன கோடையில..."

"போன கோடையில மாத்துனது நான். என்னோடத. உங்களுதக் குடுங்கன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

செங்கண்ணன் கிளையைப் பார்த்தான். "பழகுன பஞ்சு. தலைக்கு வாகா இருக்குன்னேன்."

"வாகாவா? நசுங்கிப் போயிருக்குதுங்க. அதனாலதான் கவசம் லொடலொடன்னு ஆடுது. நீங்களும் கொடியை இறுக்கி இறுக்கிக் கட்டறீங்க. இதோட போயி அவன்கூட முட்டுனா, உங்க மண்டை முட்டையாட்டம் ஒடையும்."

"அப்ப வேற பொந்து பார்த்துக்கலாமா?" என்றான் அவன். குரலில் காலையில் இருந்த கனம் இல்லை.

வேறு பொந்து இல்லை என்று இருவருக்குமே தெரியும். இருந்திருந்தால் கட்டையலகன் இங்கே வந்திருக்க மாட்டான். வெறும் கிளையில் இட்ட முட்டை ஒரு பொழுது தாங்காது.

அவள் இலவ மரத்துக்குப் பறந்தாள். மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்தது. காய் ஒன்றுகூட இல்லை. வேரடியில் போன வருடத்து ஓடுகள் மக்கிக் கிடந்தன; அவற்றின் பஞ்சை மழை கொண்டுபோயிருந்தது. பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்றைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அங்கிருந்து மலையணிலின் கூட்டுக்குப் போனாள்.

"யாரு, அம்மிணியா?" என்று அணில் தலையை நீட்டியது. "வயித்தைத் தள்ளிக்கிட்டு இந்நேரத்துக்கு என்ன ஊர்சுத்தல்?"

"பஞ்சு இருக்குங்களா? ஒரு கவசத்துக்கு ஆகற மாதிரி."

"இருக்குது. அதுமேல எம்புள்ளைங்க படுத்திருக்குதுங்க. எழுப்பட்டுமா?"

முத்துக்கண்ணி எட்டிப் பார்த்தாள். கண் திறக்காத குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வேண்டாம் என்று தலையசைத்தாள். திரும்பப் போனவளை அணிலே கூப்பிட்டு, கிழித்து வைத்திருந்த மரப்பட்டை நாரில் ஒரு பிடி கொடுத்தது.

"இதைக் கொண்டு போ. குத்தும். குத்தட்டும். அப்பவாச்சும் தலைன்னு ஒண்ணு இருக்கறது உம்புருசனுக்குத் தெரியட்டும்."

அவள் திரும்பி வந்தபோது செங்கண்ணன் ஓடைக்கரையில் நின்றிருந்தான். கவசம் அவன் காலடியில் சொட்டச் சொட்டக் கிடந்தது. தண்ணீரில் பழுப்பாக ஏதோ கரைந்து போய்க்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுனீங்க?"

"ஊறவச்சுக் கழுவுனா பஞ்சு உப்பி மேல வரும்னு நெனச்சேன்."

மட்கிய பஞ்சு உப்பாது, கரையும். இருந்த கொஞ்சமும் போய்விட்டது. கவசத்தின் உட்பக்கத்துக்கு அவன் செய்த ஒரே பராமரிப்பு அதுதான். அதையும் அன்றைக்குத்தான் செய்தான்.

முத்துக்கண்ணி திட்டவில்லை. திட்டுவதற்கு ஆகும் நேரம் அவளிடம் இல்லை. ஓட்டை உலுக்கித் தண்ணீரைக் கொட்டி, வெயிலில் காயவைத்தாள். பாசியை வைத்துப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு வந்தது. நாரை வைத்தாள், ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. தன் கவசத்தைக் கழற்றி அதன் பஞ்சை முழுக்க உருவினாள். அவளுடையது சின்னக் கவசம். அந்தப் பஞ்சு உச்சந்தலைக்குத்தான் எட்டியது. முட்டும் இடமான நெற்றி வெறும் ஓடாகவே இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அவள் பொந்து வாசலில் உட்கார்ந்து கழுத்தை வளைத்தாள். நெஞ்சில் இருந்த மெல்லிய தூவியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினாள். கவசத்தில் வைத்து அலகால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கி அப்படியே கிடந்தது. அடியில் தாங்க ஏதாவது வேண்டும், வளைந்து திரும்ப நிமிரும் ஏதாவது. அவள் இடது சிறகை விரித்து, நீளமான முதல் இறகைக் கவ்வி இழுத்தாள். ரத்தம் வந்தது.

"ஐயோ, நிறுத்து புள்ள!"

அவள் நிறுத்தவில்லை. இறகுத் தண்டுகளை அளவாக ஒடித்து, ஓட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக, கூரைக்கு மூங்கில் பரப்புவது போலப் பரப்பினாள். சிறகு இறகுகள் தீர்ந்தன. வால் இறகுகளுக்குத் திரும்பினாள். செங்கண்ணன் பொறுக்க முடியாமல் தன் சிறகில் வாய் வைத்தான்.

"நீங்க கம்முன்னு இருங்க," என்றாள். "நீங்க மேல போகணும்."

"உனக்குப் பறக்க வேண்டாமா?"

"நீங்க தோத்தாத்தான் எனக்குப் பறக்கிற வேலை. தோக்காம வாங்க."

தண்டுகளும் தூவியும் இடம் விட்டு நகராமல் இருக்க ஒட்டுப் பசை வேண்டும். செங்கண்ணன் பக்கத்து ஆலமரத்தைக் கீறி, வடிந்த பாலை இலையில் ஏந்தி வந்தான். அவள் அதைத் தண்டுகளில் தடவி, மேலே தூவியைப் பரப்பி, அதன்மேல் தன் பஞ்சை வைத்தாள். ஆலம்பால் நிழலில் காய வேண்டும். காய்ந்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்தபிறகுதான் தலையில் வைக்கலாம். இது எல்லாப் பறவைக்கும் தெரியும். ஈரமான ஆலம்பால் எதில் பட்டாலும் விடாது.

பால் பாதிகூடக் காயவில்லை. மேலே இறக்கை இரைச்சல் கேட்டது.

"வர்றியா, மூட்டை கட்டறியா?"

"வெயில் இன்னும் சாயல!" என்று கத்தினான் செங்கண்ணன்.

"எனக்குச் சாஞ்சிருச்சு. மரத்தை ஒரு சுத்துச் சுத்தறேன். அதுக்குள்ள வரலீன்னா பொந்து என்னுது."

கட்டையலகன் வட்டமிட ஆரம்பித்தான். முத்துக்கண்ணி கவசத்துக்குள் பார்த்தாள். பால் வெள்ளையாகப் பளபளத்தது. பஞ்சையும் தாண்டி மேலே ஊறியிருந்தது. பிறகு அவள் அதைத் தூக்கிக் கணவன் தலையில் வைத்து, இரு பக்கமும் அழுத்தி, பழைய கொடியை அவன் தாடைக்குக் கீழே முடிந்தாள்.

"ஈரமா இருக்குது புள்ள."

"இருக்கட்டும். போங்க."

அவன் போனான். அவள் வாசலில் நின்றாள். கீழே பாறை வெகு ஆழத்தில் கிடந்தது. அவன் தோற்றால் அவள் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறகை விரித்துப் பார்த்தாள். இறகு பிடுங்கிய இடங்களில், விரலிடுக்கில் தெரிவது போல வெளிச்சம் தெரிந்தது.

முதல் முட்டல் மரம் முறிவது போலக் கேட்டது. இருவரும் சிதறினார்கள். செங்கண்ணன் தலை தொங்க, மரங்களின் உயரத்துக்கும் கீழே விழுந்தான். அவள் கழுத்தை நீட்டினாள். வேறு எதுவும் அவளால் செய்ய முடியாது. இலைகளுக்குள் மறைந்தவன் சட்டென்று எழும்பினான். தலையை ஒருமுறை உதறிக்கொண்டான். உள்ளே தண்டுகள் வளைந்து நிமிர்ந்திருந்தன.

இரண்டாம் முட்டலில் தாடைக் கொடி அறுந்தது.

அது அறுந்து கீழே விழுந்ததை அவளும் பார்த்தாள், கட்டையலகனும் பார்த்தான். கொடி இல்லாத கவசம் அடுத்த இடியில் பறந்துவிடும். பிறகு வெறும் மண்டைதான். கட்டையலகன் தூரத்தில் திரும்பி, எக்களித்தபடி வேகம் பிடித்தான். எதிரியின் கவசம் கழன்றுவிடும் என்ற நம்பிக்கையில் தன் தலையை நேராக வைக்காமல், அலகை முன்னுக்கு நீட்டிக்கொண்டே வந்தான்.

"விலகாதீங்க!" என்று முத்துக்கண்ணி கத்தினாள். அவ்வளவு தூரம் கேட்டிருக்காது.

மோதினார்கள். கவசம் கழலவில்லை, அசையக்கூட இல்லை. ஈரப் பால் அதற்குள் தலையோடு பிடித்திருந்தது. முன்னால் நீட்டிய அலகில் முழு இடியையும் வாங்கிய கட்டையலகன் பக்கவாட்டில் புரண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்து விலகிப் பறந்தான்.

செங்கண்ணன் வந்து கிளையில் உட்கார்ந்தான். வெகு நேரம் மூச்சு வாங்கினான். பிறகு வழக்கம்போல் கவசத்தைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. கிளையிடுக்கில் மாட்டி இழுத்தான். தோல் கூடவே வந்தது.

"விடுங்க," என்றாள் முத்துக்கண்ணி. "இனி அது வராது."

"அப்ப அடுத்த கோடைக்குப் பஞ்சு?"

"மாத்தறதுக்கு வழி இல்லீங்க. இருக்கறதுதான் கடைசி வரைக்கும்."

எதிர் மலைச்சரிவிலிருந்து கட்டையலகனின் குரல் வந்தது. "நீ பழம் பொறுக்கப் போவியல்ல? அப்ப வர்றேன். உம்பொஞ்சாதி பறக்கற அழகைப் பார்க்கோணும்."

தோற்றவன் சட்டம் பார்ப்பதில்லை. செங்கண்ணன் பாய எழுந்தான். அவள் தடுத்தாள். அவன் துரத்திக்கொண்டு போனால் பொந்துக்குக் காவல் இல்லை. போகாமல் காவல் இருந்தால் இருவருக்கும் பட்டினிதான். அவள் உள்ளே போய், இருட்டில் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையை நீட்டினாள்.

"மண்ணு கொண்டாங்க. ஈரமா."

அவன் வாய் வாயாக மண் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதில் பழச்சக்கையையும் தன் எச்சத்தையும் பிசைந்து, வாசலை உள்ளிருந்தே பூசிக்கொண்டு வந்தாள். மிச்சமிருந்த ஆலம்பாலையும் தூவியையும் தன் சின்னக் கவசத்தில் அப்பி, தானும் மாட்டிக்கொண்டாள். யாராவது அலகை உள்ளே விட்டால் முட்ட வேண்டுமே. சுவர் உயர உயர வாசல் சுருங்கியது.

"நான் உள்ள வர வேண்டாமா?" என்றான் செங்கண்ணன்.

"நீங்களும் உள்ள வந்துட்டா எரை யாரு கொண்டாருவா?"

கடைசியில் ஓர் அலகு நுழையும் அளவுக்குக் கீற்று மட்டும் மிஞ்சியது. அதன் வழியே அவனுடைய சிவந்த கண் தெரிந்தது.

"எத்தனை நாளைக்கு?"

"இறகு மொளைக்கிற வரைக்கும்."

அவன் கீற்றின் ஓரத்து ஈர மண்ணை அலகால் தட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான். "எனக்கு ஏதாச்சும் ஆகி, நான் வரலீன்னா?"

உள்ளே முத்துக்கண்ணி முட்டைக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். கீற்றுக்கு அருகில் வந்தாள்.

"வாங்க," என்றாள்.

அவன் பழம் தேடப் பறந்தான்.

இருவாச்சியின் கவசம் தலையோடு சேர்ந்தே வளர்வது அந்தத் தை மாதம் தொட்டுத்தான். முட்டைக் காலம் வந்தால் பெண் இருவாச்சி சிறகையும் வாலையும் உதிர்த்துவிட்டுச் சுவருக்குள் அடைந்துகொள்வதும் அன்று தொட்டுத்தான். ஆண், வெயிலோ மழையோ, கீற்று வாசலுக்குப் பழத்தோடு வருகிறது. அது வராமலே போய்விட்டால் உள்ளே தாயும் குஞ்சும் பட்டினியில் செத்துப்போகும். ஆணுக்கு அது தெரியும். அதனால் வருகிறது.