தைம் செடிக்கு மண் பிசைந்த கதை

கோத்தகிரியில் பிச்சாண்டி, மூக்காண்டி, வீராண்டி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை. அதையும் யார் முதலில் பயன்படுத்துவது என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே காலத்தை ஓட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமை!

மூத்தவன் பிச்சாண்டிக்கு முப்பத்தெட்டு வயது. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் செங்கமலத்தைக் கட்டிக்கொள்ள உயிரை விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆகாமல் தம்பிகளுக்கு ஆகாது என்பதால் அவர்களும் கூடவே உயிரை விட்டார்கள்.

செங்கமலம் விவரமானவள். சூப்பில் போடுகிற வாசனைச் செடியான தைம் நாற்று ஒன்றைப் பிச்சாண்டியிடம் நீட்டினாள்.

"இதைத் தொட்டியில நட்டு ஒரு மாசம் உயிரோட வச்சிருங்க. அப்புறம் கல்யாணம் பேசலாம். மண்ணு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு. அவ்வளவுதான்."

பங்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

"மூணு பேருக்கு மூணு பங்கு. அண்ணி வர்றதுக்கு முன்னாடியே எவ்வளவு நியாயமாப் பிரிச்சிருக்காங்க!" என்று மூக்காண்டி கண்கலங்கினான்.

மூத்தவன் உரிமையில் பிச்சாண்டி உரத்தை எடுத்துக்கொண்டான். மண் மூக்காண்டிக்கு. மணல் கிடைத்த வீராண்டி, "கடைசியாப் பொறந்தா இந்தக் கதிதான்" என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பங்கில் வராத நாற்று ஜன்னலோரம் கிடந்தது.

மறுநாள் போனில் விசாரித்த செங்கமலம் விஷயம் தெரிந்து அலறினாள்.

"மூணையும் ஒண்ணாக் கலங்க! தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, கையில பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும்!"

கலந்தார்கள், பிசைந்தார்கள், பிடித்தார்கள். இருபத்தொரு கொழுக்கட்டைகள், விரல் தடம் பதிந்து, பார்க்க அத்தனை லட்சணம். அப்போதுதான் வீராண்டிக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, பூரணம்?"

மூவரும் தாடையைத் தடவினார்கள்.

"பூரணம் இல்லாம பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட காட்டுனா நம்ம மரியாதை என்ன ஆகுறது?" என்றான் மூக்காண்டி.

நியாயமான கேள்வி. தைம் நாற்றை வேரோடு பொடியாக நறுக்கி, இருபத்தொன்றிலும் வைத்து மூடி, இட்லிப் பானையில் ஏற்றி அரை மணி நேரம் அவித்தார்கள். வாசனைச் செடி அல்லவா, வீடே மணத்தது.

மனசு கேட்காமல் செங்கமலமே நேரில் வந்துவிட்டாள். பிச்சாண்டி தட்டை நீட்டினான். அவள் ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள். உள்ளே வெந்த இலையைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, எல்லாம் மண்ணாப் போச்சே!"

மூவர் முகமும் மலர்ந்தது. மணலும் உரமும்கூட முழுசாக மண்ணாகிவிட்டதாம்! பண்ணைக்காரி வாயாலேயே வந்துவிட்டதே! பிச்சாண்டி வெட்கப்பட்டு உள்ளே ஓடினான். மூக்காண்டி மேளக்காரரைத் தேடிப் புறப்பட்டான். வீராண்டி மட்டும் அவள் எதிரில் பணிவாகக் கைகட்டி நின்றான்.

"அண்ணி, அப்படியே எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு நாத்து குடுத்துருங்க. பானை இன்னும் சூடாத்தான் இருக்கு."