தலைகீழாய் விழுந்த அறுநூறு படங்கள்

பேயன்பட்டியில் வீரபாகு ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தான். கூட்டாளிகள் சொக்கன், மாயாண்டி. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தாலே அதிகம். மல்லையன் மகள் கல்யாணத்தில் வீரபாகு எடுத்த அறுநூறு படங்களும் தலைகீழாக விழுந்திருந்தன. காமிராவைக் கவிழ்த்துப் பிடிக்கக் கூடாதென்று அவனிடம் யாரும் சொல்லவில்லையாம்.

மல்லையன் நாலு மணிக்கு வருவார். கோபம் வந்தால் கடையில் ஒரு கண்ணாடி மிஞ்சாது. வீரபாகு உடனே கோயம்புத்தூர் மச்சானுக்குப் போன் போட்டான்.

"கறுப்புத் திரையில கட்டளை தட்டி படத்தைச் சின்னதாக்குவீங்களே, அந்தக் கருவிக்குத் படத்தைத் திருப்புற பிளகின்னு ஒரு ஒட்டு நிரல் தனியா இருக்கு மாப்ளே. நிரல் எல்லாம் இறக்கித் தர்ற பேக்கேஜ் மேனேஜர்ல தேடு, பட்டியல் வரும். பாத்து ஏத்திட்டு, நான் அனுப்புற வரியைத் தட்டு. அவ்வளவுதான்."

மாயாண்டி தேடினான். பதினோரு பெயர்கள் வந்தன. படம் திருப்புவது ஏழாவதாக இருந்தது. ஏற்றச் சொன்னதும் திரை ஒரு கேள்வி கேட்டது.

"அண்ணே, இது தனியா வராதாம். கூடப் பதினேழு துணை வருதாம். வரட்டுமா, வேண்டாமான்னு கேக்குது."

"பதினெட்டுப் பேரா! உலை வைக்காம வாங்கன்னு சொன்னா ஊர் காறித் துப்பாதா?"

பேயன்பட்டியில் அடுப்பில் உலை ஏறாமல் யாரையும் வாவென்று அழைக்கிற வழக்கமில்லை. சொக்கன் கடைக்குப் பின்னால் நாலு படி அரிசி போட்டான். அப்புறம் குழம்பைப் பற்றிப் பேச்சு.

"கத்திரிக்காய் போடலாமாண்ணே?"

"எந்த ஊர்க்காரங்கன்னு போட்டிருக்கா?"

"போடலியே."

"அப்ப வேண்டாம். அரிப்பு வந்துட்டா நம்ம தலையில விடியும்."

இலை போட்ட பிறகுதான் 'வரட்டும்' என்று தட்டினார்கள். வரிகள் மளமளவென்று ஓடின. மூவரும் சொம்புத் தண்ணீரோடு வாசலில் நின்றார்கள். மல்லையன் ஒருவர்தான் வந்தார்.

"படம் எங்கடா?"

வீரபாகு பதறிப்போய்ப் படம் தெரிந்த மானிட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான். மணப்பெண் நிமிர்ந்து நின்று சிரித்தாள். மல்லையன் முகம் மலர்ந்தது. போன உயிர் வீரபாகுவுக்குத் திரும்பி வந்தது. சொக்கனா சும்மா இருப்பான்? மச்சான் அனுப்பிய வரியை ஓர் எழுத்து விடாமல் தட்டிவிட்டான். அறுநூறு படங்களும் திரும்பிக்கொண்டன.

"எம் பொண்ணு தலைகீழா நிக்கிறாடா!" மல்லையன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

வீரபாகு நிதானமாக யோசித்தான். "ஐயா, படம் எல்லாத்தையும் முறைப்படி திருப்பியாச்சு. இன்னும் திருப்பாதது நீங்க ஒருத்தர்தான்."

வீரபாகுவும் சொக்கனும் ஆளுக்கொரு காலைப் பிடித்து அவரைத் தலைகீழாகத் தூக்கினார்கள். மல்லையன் தொங்கியபடியே உற்றுப் பார்த்தார்.

"அட, இப்பச் சரியா இருக்கே! தொழில் தெரிஞ்சவன் தெரிஞ்சவன்தான். ஆனா சுவத்துக் காலண்டர் கவுந்து கெடக்கே, அதை யாரு பாக்குறது?"

வீரபாகு பிடித்த காலை விடவில்லை. "டேய் மாயாண்டி, காலண்டருக்கு என்ன பிளகின் இருக்குன்னு தேடு."