கன்னத்துத் தழும்புக்கு எந்த ஃபிளாஷ்?

துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கேமராப் பைத்தியம் பிடித்தது. டயர்க் கடையை மகன் தலையில் கட்டிவிட்டு, பட்டுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த ஸ்டெல்லாவிடம் தொழில் கற்கப் போய்விட்டார். அவள் அவரைவிட மிகவும் இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

சேர்ந்த நாளிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டு அவள் உயிரை வாங்கினார்.

"டீச்சர், ஐ.டி. போட்டோவுக்கு எந்த ஃபிளாஷ் மோடு, அழகுக்கு எடுக்கிற போட்டோவுக்கு எந்த மோடு? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

"வர்றவங்களைப் பாருங்கண்ணே."

அதற்குமேல் அவள் வாயைப் பிடுங்க முடியாது.

ஒரு நாள் காலையில் செந்தாமரை என்ற பெண் படபடப்போடு உள்ளே வந்தாள். சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். முந்தைய நாள் அவளுக்கு விசா போட்டோ எடுத்தவர் துரைக்கண்ணுதான். அவளுடைய இடது கன்னத்தில் பெரிய தழும்பு. பாவம் பார்த்து, ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி, வெளிச்சத்தையும் கூட்டி எடுத்திருந்தார். தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. அவளுக்கும் சந்தோஷம்தான்.

"விசா ஆபீஸ்ல போட்டோவைத் திருப்பிட்டாங்க" என்றாள் இப்போது. "பாஸ்போர்ட்டுல தழும்பு இருக்கு, இதுல இல்ல, இது நீதானான்னு கேக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள வேற குடுக்கலேன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடுமாம்."

துரைக்கண்ணுவின் முகம் செத்துப்போனது. நல்லது செய்கிறேன் என்று ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தோமே என்று நொந்துபோனார்.

ஸ்டெல்லா செந்தாமரையை ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஃபிளாஷை நேரே திருப்பினாள், வெளிச்சத்தைக் குறைத்தாள், எடுத்தாள். தழும்பு பளிச்சென்று விழுந்திருந்தது. செந்தாமரை அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை ஒத்துக்குவாங்கம்மா" என்றாள் ஸ்டெல்லா.

செந்தாமரை கிளம்பாமல் நின்றாள்.

"இன்னொண்ணு பெரிசா எடுத்துக் குடுங்கக்கா. ரெண்டு வருஷம் வர முடியாது. அம்மா வீட்டுல மாட்டி வச்சுக்கட்டும்." கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "நான் கைக்குழந்தையா இருக்கும்போது அம்மா கை தவறித்தான் சுடு கஞ்சி கொட்டிடுச்சு. இன்னும் இந்தப் பக்கம் பாத்தா அழுதுடும்."

துரைக்கண்ணு முந்திக்கொண்டு கேமராவைக் கையில் எடுத்தார். பட்ட புத்தி அவருக்கு. ஃபிளாஷ் நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

ஸ்டெல்லா எட்டி அதைக் கூரைப் பக்கம் திருப்பினாள்.

"டீச்சர்! நேத்து இப்படி எடுத்துத்தானே வம்பாச்சு?"

"ஆமா."

"தழும்பு மறைஞ்சுடுமே! எதுதான் இவங்க நிஜமான முகம்?"

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தினாள்.

"விசா ஆபீஸ்காரர் இவங்களைப் பாத்ததே இல்லண்ணே, தழும்பைப் பாத்துத்தான் நம்புவார். அம்மா அதைப் பாத்தவரைக்கும் போதும்."