மணி அடிக்காத மத்தியானம்

வெங்காய மண்டியில் தரகு பேசியே ஆளான ஆவுடையப்பனுக்குக் கோபம் மூக்கின்மேல். வியாபாரத்தைத் தலைமுழுகிவிட்டு, தன்னைவிட வயதில் சிறியவரான பிரமு அம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். தியான மண்டபத்தின் வாசலும் மணியும் அவர் பொறுப்பு. முதல் மணிக்குக் கண்ணை மூட வேண்டும். மறு மணி அடிக்காமல் யாரும் எழக்கூடாது. அது அங்கே வழக்கம்.

ஒருநாள் செண்பகவல்லி என்ற பெண் மகளோடு வாசலில் வந்து நின்றாள். சிறுமி கைகளை உதறியபடி ஒரே ராகத்தில் முனகினாள்.

"பிள்ளை சத்தம் போடாம இருக்குமா?"

"இருக்காது அண்ணாச்சி. ஆட்டிசம். மணிச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டுத் தரையில விழுந்திருவா."

"அப்ப வேற இடம் பாரும்மா."

"கல்யாண மண்டபம், சினிமாக் கொட்டகை, கோயில், எல்லாம் பாத்தாச்சு. எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க. ஒரு இடத்துல கொஞ்ச நேரம் கண்ண மூடி உக்கார..."

முடிக்கவில்லை. மகள் ரோட்டைப் பார்த்து ஓடினாள். தாய் பாய்ந்து பிடித்தாள்.

அம்மை வெளியே வந்தார்.

"தாயே, ஒரு மூட்டைக்காக லாரியையே திருப்ப முடியுமா?" என்றார் ஆவுடையப்பன்.

அம்மை மணியின் நாக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். தாயையும் மகளையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீரும் உள்ள வந்து இந்தக் கதவுல சாய்ஞ்சு உக்காரும். பிள்ளை வெளிய ஓடாமப் பாத்துக்கிடுறது உம்ம பாடு."

அம்மை கையை உயர்த்த, மண்டபம் கண்ணை மூடியது.

சிறுமி முனகியபடி தூணுக்குத் தூண் நடந்தாள். குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்தாள். ஒருவரின் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. கதவுக்கு ஓடி வந்தாள், போனாள், மறுபடி வந்தாள். ஆவுடையப்பன் முதுகை எடுக்கவில்லை. கடைசியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மணியின் நாக்கை வாங்கி மடியில் வைத்து உருட்டினாள்.

தூணில் சாய்ந்த செண்பகவல்லி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

வெயில் சாய்ந்தது. மடப்பள்ளியிலிருந்து வந்த சாம்பார் வாசனையும் ஆறிப்போனது. ஒருவரும் எழவில்லை. எடை போடத் தாமதமானால் தராசைத் தூக்கி எறிந்த ஆவுடையப்பனுக்கு, பசியோடு அசையாமல் இருந்த அத்தனை முதுகுகளையும் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

கதவோரம் வந்த அம்மையிடம் மெதுவாகக் கேட்டார்.

"தாயே, மணி அடிக்க வழியில்லையே. எப்ப எழுந்திரிக்கிறது?"

அம்மை தூணைப் பார்த்தார்.

"அவ முழிக்கட்டும்."