தன் வீட்டுக்கே வழி கேட்ட செவ்வந்தியப்பன்

சாலைகள் எல்லாம் மண்ணாகக் கிடந்து, சேதிகள் எல்லாம் கால்நடையாக வந்துகொண்டிருந்த காலம் அது. பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். எழுந்து போக வேண்டியவர்கள் இப்போதே போய்விடுங்கள். இது பாதியில் எழுந்து போனவரின் கதை.

முக்கூட்டூர் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கிருந்து கிழக்கே போனால் முத்துத்துறை; கப்பல் வரும். மேற்கே போனால் குன்றக்கோட்டை, ராஜா இருப்பார். தெற்கே போனால் ஆலங்கோயில், தேர் ஓடும். மூன்று வழியும் வந்து கூடுகிற இடத்தில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அதை ஒட்டி ஒரு கூரை வீடு. அந்த வீட்டுக்காரர் பெயர் செவ்வந்தியப்பன்.

அவர் எனக்குப் பாட்டனுக்குப் பாட்டன் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பெருமையாகச் சொல்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சோற்றை இலையில் வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்கள்.

செவ்வந்தியப்பனுக்கு உடம்பு சுகம். கண் சுகம். காது ரொம்பவே சுகம். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம்தான். தான் இல்லாத இடத்தில்தான் எல்லா நல்லதும் நடக்கிறது என்ற பயம்.

கிழக்கே சங்கு ஊதினால் கிழக்கே ஓடுவார். மேற்கே முரசு அடித்தால் மேற்கே ஓடுவார். தெற்கே வேட்டுப் போட்டால் தெற்கே ஓடுவார். போன இடத்திலாவது நின்றாரா? துறையில் குதிரைகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள், இவர் பக்கத்தில் இருப்பவரிடம், "இந்நேரம் ஆலங்கோயில்ல தேர் கிளம்பியிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். தேரடிக்குப் போனால், கோட்டையில் என்ன நடக்கிறதோ என்று கழுத்து மேற்கே திரும்பும். அவர் எத்தனையோ கூத்துகளின் தொடக்கம் பார்த்தவர். ஒன்றின் முடிவும் பார்த்ததில்லை. தன் கல்யாணத்திலேயே, அடுத்த தெரு மேளத்தைக் கேட்டு மணையிலிருந்து எழுந்தவரை மாமனார் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாராம்.

மணையில் பக்கத்தில் இருந்தவள் செல்லாயி. அன்றைக்கே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

ஒரு தடவை கேட்டாள்: "ஏனுங்க, வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டு வந்தீங்களே, என்ன பார்த்தீங்க?"

"கூட்டம்."

"கூட்டம் என்ன பார்த்துச்சு?"

"அதைப் பார்க்கறதுக்குள்ள கிளம்பிட்டேன்."

செல்லாயி குடத்தை எடுத்துக்கொண்டு கொடிக்காலுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். ஊற்ற வேண்டியவர் அவர்.

இவர்களுக்கு ஒரே மகள். பெயர் வஞ்சி. கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் பேச வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும். "அ... அ... அப்பா" என்று அவள் கூப்பிட்டு முடித்து, சொல்ல வந்ததை எடுத்து வைப்பதற்குள் எங்காவது ஒரு சத்தம் கேட்டுவிடும். செவ்வந்தியப்பன் மகளை உயிராக நேசித்தவர்தான். இருந்தாலும் அந்தப் பிள்ளை சொன்னதில் பாதிக்கு மேல் கேட்டது அவருடைய முதுகுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள், பாடினி கோலவல்லி முத்துத்துறையில் வந்து இறங்கியிருக்கிறாள் என்று சேதி வந்தது. மூன்று நாட்டிலும் அவளைப் போலப் பாட ஆள் கிடையாது. ராஜா அழைத்து, அவள் கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் நின்றிருந்தால் அவள் வண்டி அந்த வழியாகத்தான் வரும். நிற்க முடிந்தால் அவர் செவ்வந்தியப்பன் இல்லையே! உப்பளத்துக் குறுக்குவழியில் துறைக்கு ஓடினார்.

"இப்பத்தான் கிளம்பினாங்க" என்றார்கள் துறையில்.

ஆற்றோரக் குறுக்குவழியில் கோட்டைக்கு ஓடினார்.

"இன்னும் வரலையே. ஒருவேளை சாமி கும்பிட்டுட்டு வருவாங்களோ என்னவோ" என்றார்கள் கோட்டையில்.

காட்டுக் குறுக்குவழியில் ஆலங்கோயிலுக்கு ஓடினார்.

"இங்கே எதுக்கு வர்றாங்க?" என்றார்கள் கோயிலில்.

கால் வீங்கி, தொண்டை வறண்டு, அங்கிருந்து நேர்வழியில் ஊரைப் பார்த்து நடந்தார். எதிரே ஒரு பூக்காரி வந்தாள். அவளிடம் கேட்டார்.

"கோலவல்லியம்மாவா? வண்டி அச்சு முறிஞ்சுபோச்சாம். வழியிலே ஒரு வீட்டுல தங்கி, நாள் முழுக்கப் பாடறாங்களாம்" என்றாள் பூக்காரி.

"யார் வீட்டுல?"

"எவனோ கொடுத்து வச்சவன்."

செவ்வந்தியப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. நடையை எட்டிப் போட்டார். அடுத்து ஒரு மாட்டுக்காரர் வந்தார்.

"முக்கூட்டூர்லதான் பாடறாங்க" என்றார் மாட்டுக்காரர்.

"எங்க ஊர்லயா! அப்ப அது தலையாரி வீடாத்தான் இருக்கும். அவனுக்குத்தான் எல்லா யோகமும் அடிக்கும்!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

மூன்றாவதாக, தலையில் பானைச் சுமையோடு ஒரு குயவர் வந்தார். அவர் கண் இன்னும் ஈரமாக இருந்தது. அவரிடம் செவ்வந்தியப்பன், "அந்தப் பாட்டு நடக்கிற வீட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று வழி கேட்டார்.

"நேரே போங்க. கொடிக்காலை ஒட்டின கூரை வீடு. வாசல்ல முருங்கை மரம் நிக்கும். அந்த வீட்டு அம்மா தங்கமானவங்க. வந்தவங்க எல்லாருக்கும் மோர் கரைச்சுக் கொடுத்தாங்க. வீட்டுக்காரன் மட்டும் எங்கேயோ ஊர் சுத்தறானாம்."

"அவன் என்ன மனுஷன்யா!" என்று செவ்வந்தியப்பன் கொதித்தார். "வீட்டுக்குள்ள இப்படி ஒரு பாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கு, இவன் ஊர் சுத்தறானா? புத்தி இருக்கா அவனுக்கு?"

"அதைத்தான் நாங்களும் பேசிக்கிட்டு வர்றோம்" என்றார் குயவர்.

செவ்வந்தியப்பன் தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். கொடிக்கால். கூரை வீடு. முருங்கை மரம். கால் தானாக நின்றது.

அவர் போய்ச் சேர்ந்தபோது வண்டி மேற்கே போய்விட்டிருந்தது. வாசல் முழுக்கக் காலடித் தடம். செல்லாயி முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு போனார். அவள் திட்டவில்லை. அவள் முகம் அழுது தெளிந்திருந்தது.

"வஞ்சி பாடினா" என்றாள்.

"நம்ம வஞ்சியா?"

"அந்த அம்மா ஒரு அடி பாடுவாங்க. இவ திருப்பிப் பாடுவா. கிளிப் பாட்டு. முழுசா பாடினா. நாக்கு நிக்கலை. ஒரு இடத்துலகூட நிக்கலைங்க. ஊரே கேட்டுச்சு."

ஊரே கேட்டது. வழிப்போக்கர்கள் கேட்டார்கள். பானை விற்கப் போன குயவர்கூடக் கேட்டுவிட்டுப் போனார். கேட்காதது ஒரே ஓர் ஆள்தான்.

அவர் மகளைக் கூப்பிட்டார். "வஞ்சிம்மா, அப்பாவுக்கு ஒரு தடவை பாடு."

வஞ்சி வாயைத் திறந்தாள். "கி... கி..." நாக்கு நின்றுவிட்டது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

செவ்வந்தியப்பன் கொடிக்காலுக்குள் போய் உட்கார்ந்தார். ஒரு பக்கத்துக் கொடிகள் தண்ணீர் இல்லாமல் வாடியிருந்ததை அன்றுதான் பார்த்தார். அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே, தன்னைத் தானே புத்தி கெட்டவன் என்று நடுவழியில் நின்று ஏசியது ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது.

மறுநாள் ஊர் மந்தையில் அவரே எல்லாரிடமும் சொன்னார்: "தன் வீட்டுக்கே வழி கேட்டு வந்த ஆள் நான்தான்! வழி சொன்னவர் வீட்டுக்காரனைத் திட்டினார். நான் அவரைவிடப் பலமாகத் திட்டினேன்." ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார்.

அதோடு அந்தப் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். கதைகளில் அப்படித்தான் ஒரே நாளில் போகும். இதுவும் கதைதான், ஆனாலும் போகவில்லை.

அடுத்த வாரமே கிழக்கே சங்கு ஊதியது. செவ்வந்தியப்பன் எழுந்துவிட்டார். ஆனால் இந்தத் தடவை, எழுகிற தன்னை அவரே பார்த்துவிட்டார். சத்தம் முதலில் வயிற்றில் விழுகிறது; பசி மாதிரி ஒரு குழி. பிறகு குதிகால் கிளம்புகிறது. போக வேண்டியதற்கான காரணம் கடைசியில்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறது!

"செல்லாயி, என் காலை இந்தத் தூணோட சேர்த்துக் கட்டிடு" என்றார்.

"கட்டினா அவிழ்க்கத் தெரியாதா உங்களுக்கு? கயிறு வேண்டாம். வயித்துல விழுந்த உடனே என்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க, போதும்."

அன்று முதல், கொடிக்காலுக்குள் இருந்து அடிக்கடி ஒரு குரல் கேட்கும்: "செல்லாயி, விழுந்துடுச்சு!"

"என்னவாம்?"

"கோட்டையில யானைச் சண்டையாம்."

"சரி, கையில எடுத்த கொடியைக் கட்டி முடிங்க. அப்பவும் போகணும்னு தோணிச்சுன்னா போயிட்டு வாங்க."

கொடியைக் கட்டி முடிப்பதற்குள் பல சமயம் குழி தூர்ந்துவிடும். சில சமயம் தூராது. அப்போது போவார். போனால் கடைசிவரை இருந்துவிட்டு வருவார். கல்யாணப் பந்தியில் கடைசியாகப் பாயசம் வரும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்படிக் காலம் போய்க்கொண்டிருந்தபோது வந்தது சோதனை.

பாடினி கோலவல்லி இந்த நாட்டை விட்டே கிளம்புகிறாள். கடல் தாண்டிப் போகிறாள். இனி வரமாட்டாள். போவதற்கு முன்னால் ஆலங்கோயிலில் ஒரே ஒரு நாள் பாடுகிறாள். சேதி கேட்டு மூன்று வழியிலும் ஜனம் திரண்டு போனது. சலங்கைச் சத்தம், சக்கரச் சத்தம், சிரிப்புச் சத்தம். செல்லாயி அன்று தாய்வீடு போயிருந்தாள். "விழுந்துடுச்சு" என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

தலையாரியின் வண்டி வாசலில் வந்து நின்றது.

"செவ்வந்தி, ஏறுய்யா! ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. இதை விட்டா இந்த ஜென்மத்துல அந்தக் குரலைக் கேட்க முடியாது."

அது பொய்யில்லை. ஊரே கேட்ட குரலை அவர் மட்டும் கேட்டதில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவர் ஒரு காலைத் தூக்கி வண்டிப் படியில் வைத்துவிட்டார்.

அப்போது வஞ்சி ஓடிவந்தாள்.

"அ... அப்பா. நா... நா... நா..."

"சீக்கிரம்யா, வெயில் ஏறுது" என்றார் தலையாரி. காளைகள் கழுத்தை ஆட்டின. வஞ்சியின் உதடு துடித்தது, சொல் வரவில்லை. அவள் பார்வை அவருடைய காலில் இருந்தது. இந்தக் கால் இப்போது கிளம்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

செவ்வந்தியப்பன் அந்தக் கண்ணைப் பார்த்தார். வயிற்றுக் குழி கிணறாக இருந்தது. காலைப் படியிலிருந்து எடுத்தார்.

"நீங்க போங்க தலையாரி. என் பொண்ணு என்னமோ சொல்ல வருது."

"வந்து கேட்டுக்கக் கூடாதா?"

"கூடாது. இப்பத்தான் சொல்லுது."

வண்டி போயிற்று. சலங்கைச் சத்தம் தெற்கே தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. அதுவரை அவர் மகளுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்திருந்தார். அவள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கவில்லை. அவளுக்காக அவர் சொல்லி முடிக்கவும் இல்லை.

"நா... நான் பாடினா, நீ உட்கார்ந்து கேட்பியா?"

"உட்கார்ந்துட்டேனேம்மா" என்றார்.

அவள் கிளிப் பாட்டைப் பாடினாள். இரண்டாம் அடி மறந்துபோய், அதற்குப் பதில் முதல் அடியையே மறுபடி பாடினாள். நடுவில் ஓரிடத்தில் நாக்கு நின்றது. அவர் காத்திருந்தார். நாக்கு வழிவிட்டது. அவள் பாடி முடித்தாள். செவ்வந்தியப்பன் தம் வாழ்நாளில் முதல் முறையாக மகளின் பாட்டு ஒன்றின் முடிவைக் கேட்டார்.

மறுநாள் காலை தலையாரி திரும்பி வந்தார். கோலவல்லி அதுவரை பாடாத ஒரு பாட்டைப் பாடினாளாம். கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அசையவில்லையாம். கேட்டுக்கொண்டிருந்த செவ்வந்தியப்பனுக்குச் சுருக்கென்று குத்தியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குத்தியது. போனது திரும்பி வராது என்றும் தெரிந்தது.

ஆனாலும் அவர் எழுந்து உள்ளே போகவில்லை. தலையாரிக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து, "நல்லா இருந்துச்சா? ரொம்ப சந்தோஷம். முழுசா சொல்லுங்க" என்றார். சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார்.

ஆகவே கேளுங்கள்: நாம் இல்லாமல் நடக்கும் நல்லவை இந்த உலகத்தில் எப்போதும் நிறைய இருக்கும், அவற்றை நடக்க விட்டுவிட்டு, தன் எதிரே நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை இருக்கத் தெரிந்தவனே மற்றவர்களைவிடக் குறைவாக இழக்கிறான்.