இரண்டே சுற்று

எப்சிபாவுக்கு நடந்தது அநியாயம்தான். நீலகிரியின் அவலாஞ்சி ஓடையில் டிரவுட் மீன் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு, மீனை ஏமாற்றும் பொய் ஈ கட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். தூண்டில் முள்ளில் பட்டுநூலைச் சுற்றி, கழுத்தில் கௌதாரி இறகை இரண்டே சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் அவளுடைய ஈ தயார். தூண்டில் மன்றத்துக்காரர்கள் அவற்றை மேஜைமேல் வெள்ளைத்தாளில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, உரித்த கோழி மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் அவளிடம் கற்றவர்கள். இந்த வருடம் மன்றத்துக்கு ஈ கட்டும் வேலை வேறொருவருக்கு என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுடைய சீடருக்குத்தான் பொறுக்கவில்லை. தணிகாசலம் அறுபது தாண்டிய கணக்கு வாத்தியார். தன்னில் பாதி வயதுக்காரியை டீச்சர் என்று கூப்பிட வெட்கப்படாதவர். மன்றத்துச் செயலாளரிடம் மல்லுக்கு நின்று, அவள் ஈக்களை இன்னொரு தடவை பார்ப்பதாக வாக்கு வாங்கினார். இரண்டு நாள் உட்கார்ந்து தானே ஆறு ஈக்கள் கட்டினார். ஒவ்வொன்றிலும் இறகு ஏழு சுற்று. புசுபுசுவென்று, பார்க்கவே அழகு.

"இதை உங்க பேர்ல கொடுத்துடலாம், டீச்சர். கூட அஞ்சு சுத்து சுத்தினா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் அவருடையதில் ஒன்றும் தன்னுடையதில் ஒன்றும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள்; அவரும் பின்னாலேயே போனார். இரண்டையும் ஒரே தூண்டில் நரம்பில் கட்டித் தெளிந்த நீரில் விட்டாள்.

அவருடைய ஈ நனைந்ததும் தாடிபோல ஒட்டிக்கொண்டு, குச்சி மாதிரி இழுபட்டுப் போனது. அவளுடையது விரிந்தது. ஒவ்வொரு இழையும் நீரோட்டத்துக்குத் தக்கபடி மூடித் திறந்து, அப்போதுதான் கூடு கிழித்து மேலேறும் பூச்சியாகக் கால் உதைத்தது. பாறைக்கடியிலிருந்து ஒரு மீன் கிளம்பியது. ஏழு சுற்றை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போய், இரண்டு சுற்றைக் கவ்வியது.

தணிகாசலம் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சம் ஐந்தையும் சட்டைப்பைக்குள் திணித்தார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"இவ்வளவையும் கையில வச்சுக்கிட்டு அன்னிக்கு ஏன் டீச்சர் வாயைத் திறக்கல? அத்தனை பேர் சிரிச்சாங்களே. அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, மீனைத் திரும்ப ஓடையில் விட்டாள் எப்சிபா.

"அங்க தண்ணி இல்லையே, சார்."