கட்டி கரைக்கும் ஊசி

டாக்டர் கோமதிநாயகம் எட்டு மாதமாக அந்த ஊசியைத் தொடவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய அரசு மருத்துவமனைக்கு அவர் பொறுப்பு மருத்துவர். வயது ஐம்பத்தாறு. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயக் குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து அவருடைய குளிர்பெட்டியில் எப்போதும் இருந்தது. நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் அவர் ஆம்புலன்ஸை வரவழைத்து, இரண்டரை மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்.

இரண்டு வாரப் பயிற்சிக்காக அவரை நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே இதயப் பிரிவின் தலைவர் டாக்டர் சாருலதா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் நாளே கோமதிநாயகம் அவர் முன்னால் போய் நின்றார்.

"மேடம், ஒரு கேள்வி."

"உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை.

"மாரித்தாய்னு ஒரு அம்மா. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவங்க. மாரடைப்பு. நான்தான் ஊசி போட்டேன். நாலு மணி நேரத்துல மூளையில ரத்தம் கசிஞ்சு இறந்துட்டாங்க."

சாருலதா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"அதுக்கப்புறம் ஒரு வேன் டிரைவர். நாற்பத்தி நாலு வயசு. ஊசி போடாம அனுப்பினேன். ரயில்வே கேட்ல ஆம்புலன்ஸ் நின்னப்போ இறந்துட்டார்."

"கேள்வி என்ன சார்?"

"இந்த ரெண்டுல நான் எங்க தப்பு பண்ணினேன்?"

"நாளைக்குக் காலைல ஏழரைக்கு வார்டுக்கு வந்துருங்க" என்றார் சாருலதா.

ஒன்பது நாள் ஓடியது. அந்தக் கேள்வியைப் பற்றி இருவரும் பேசவில்லை. கோமதிநாயகம் தினமும் நோயாளிகளைப் பார்த்தார், இசிஜி படித்தார், ஊசி போடும் இடத்தில் மட்டும் ஓரமாக நின்றுகொண்டார். சாருலதா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. பரோட்டாக் கடை வைத்திருக்கும் காதர் மைதீனை அவர் மனைவி ரகுமத் பீவி தாங்கலாகப் பிடித்து இறக்கினார். சட்டை முழுக்க வியர்வை. கையில் மைதா மாவு காய்ந்திருந்தது.

"எப்பருந்து வலி?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"எட்டு மணிக்கு மாவு பிசையறப்போ. நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி."

இசிஜி எடுத்தார்கள். ஐயத்துக்கு இடமே இல்லை. பெரிய அடைப்பு.

கோமதிநாயகம் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். அதோடு இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். பிறகு திரும்பி சாருலதாவைப் பார்த்தார்.

சாருலதா இரண்டு கைகளையும் வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

"உங்க நோயாளி சார்."

"மேடம்..."

"அந்த அம்மா பயந்து போயிருக்காங்க. என்ன செய்யப் போறோம்னு அவங்களுக்குச் சொல்லுங்க."

கோமதிநாயகம் ரகுமத் பீவியிடம் திரும்பினார்.

"அம்மா, இதயத்துக்கு ரத்தம் போற குழாய்ல கட்டி அடைச்சிருக்கு. இப்ப கொடுத்த மாத்திரைங்க, அந்தக் கட்டியில புதுசா ரத்த அணுக்கள் மேல மேல வந்து ஒட்டிக்காம தடுக்கும். அடுத்து ஹெப்பாரின்னு ஒண்ணு கொடுப்போம். அது கட்டியை வளர விடாது. ஆனா இது ரெண்டும் இருக்கிற கட்டியைக் கரைக்காது."

"அப்ப எதுங்கய்யா கரைக்கும்?"

"அதுக்கு ஒரு ஊசி இருக்கு. கட்டியைக் கரைக்கிற சக்தி நம்ம ரத்தத்துலயே தூங்கிக்கிட்டு இருக்கு. ஊசி அதைத் தட்டி எழுப்பும்."

"அப்ப போடுங்களேன்!"

"எழுந்திருச்ச சக்திக்குக் கண்ணு கிடையாதும்மா. இதயத்துல இருக்கிற கட்டியையும் கரைக்கும், வேற எங்கயாவது காயத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிற கட்டியையும் கரைக்கும். நூறு பேருக்குப் போட்டா ஒருத்தருக்கு மூளையில ரத்தம் கசியலாம்."

ரகுமத் பீவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "போடலன்னா?"

எட்டு மாதமாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"போடலன்னா, அதைவிட அதிகம் பேர் போயிருவாங்க. பிழைக்கிறவங்களுக்கும் இதயத்துல ஒரு பகுதி செத்துப்போகும்."

காதர் மைதீன் கண்ணைத் திறந்தார். "நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"போட்டுக்குவேன்." யோசிக்காமலே வந்துவிட்டது அந்தச் சொல்.

"அப்ப போடுங்க."

கோமதிநாயகம் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்.

"பக்கவாதம் வந்திருக்கா?"

"இல்லை."

"தலையில அடி? ஆபரேஷன்?"

"இல்லை."

"மலம் கறுப்பா போச்சா? ரத்த வாந்தி?"

"இல்லை."

"ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை?"

"இல்லைங்க" என்ற ரகுமத் பீவி, சட்டென்று, "போன மாசம் கடவாய்ப் பல்லு பிடுங்கினாங்க!" என்றார்.

கோமதிநாயகம் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். புண் ஆறி ஈறு மூடியிருந்தது. "பல்லு பரவாயில்லை."

ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பதினாறு. கையிலிருந்த ஊசிக் குப்பியைத் தட்டில் வைத்தார்.

"இவ்வளவு அழுத்தத்துல போட முடியாது. முதல்ல இறக்கணும்." நர்ஸிடம் மருந்தைச் சொன்னார். அது சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது.

கடிகாரம் ஓடியது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கோமதிநாயகமே அழுத்தம் பார்த்தார். பன்னிரண்டாவது நிமிடம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு.

அவர் எடையைக் கேட்டு, மருந்தை அளந்து இழுத்தார். ஊசி மருந்து கை ரத்தக்குழாய்க்குள் போனது. பின்னாலேயே ஹெப்பாரினும் போனது.

பிறகு கட்டிலை விட்டு நகரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மானிட்டரில் துடிப்பு திடீரென்று உருமாறியது. அகலமான, விகாரமான அலைகள். கோமதிநாயகம் திரும்பிக் கூப்பிட்டார்.

"மேடம்!"

"அழுத்தம்?"

"நூற்று இருபது."

"அவர் எப்படி இருக்கார்?"

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். காதர் மைதீன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி எப்படி இருக்கு?"

"ஏறி உட்கார்ந்தவன் இறங்கிட்டான் டாக்டர்."

"குழாய் திறக்குறப்போ சில பேருக்கு இப்படி வரும்" என்றார் சாருலதா. "பார்த்துக்கிட்டே இருங்க."

இரண்டு நிமிடத்தில் துடிப்பு தானாகவே பழையபடி ஆனது. ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த இசிஜியில், மேலே தூக்கியிருந்த கோடுகள் பெரும்பாலும் இறங்கியிருந்தன. ரகுமத் பீவி அதைப் புரியாமலே வாங்கிப் பார்த்துவிட்டு அழுதார்.

"கடையில ரெண்டு கிலோ மாவு பிசைஞ்சு கிடக்கு" என்றார் காதர் மைதீன்.

"அது கிடக்கட்டும், நீங்க பேசாம படுங்க" என்று அதட்டினார் அவர் மனைவி.

மறுநாள் காலை, அடைப்பு இருந்த இடத்தைப் படம் எடுத்துப் பார்க்கும் வசதி அங்கே இல்லாததால், காதர் மைதீனைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏறும்வரை கால், கை, பேச்சு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று கோமதிநாயகம் நாலு தடவை பார்த்துவிட்டார். எல்லாம் சரியாகவே இருந்தன.

வண்டி போன பிறகு இருவரும் வாசலில் நின்றார்கள்.

"மேடம், மாரித்தாயம்மாகிட்டயும் இதே கேள்விங்களைத்தான் கேட்டேன்."

"ம்."

"அழுத்தம் பார்த்தேன். எடை பார்த்து அளந்தேன். இதே மருந்துதான். கட்டிலை விட்டு நகரலை."

"சரி."

"அவங்க போயிட்டாங்க. இவர் பிழைச்சிட்டார். அப்ப நேத்து நான் புதுசா என்ன சரியா செஞ்சேன்?"

சாருலதா அவரை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்குச் செஞ்சதையேதான் சார்."